அந்தியோகியாப் பந்தி

நியூ ஜெர்சியின் நடுவில் இருக்கும் பிரீஹோல்டுக்கு அமெரிக்கர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. 1778 ஜூனில் வாஷிங்டனின் படை ஆங்கிலேயரோடு மோதிய மான்மத் போர்க்களம் பக்கத்தில் இருக்கிறது. பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். நான் போனது 1793-இல் அங்கே பிறந்த ஒரு வைத்தியருக்காக. ஜான் ஸ்கட்டர் என்ற அவர் பெயர் வேலூர்க்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தவர்க்கும் புதிதல்ல. அகலமான முதன்மைத் தெரு, செங்கல் கட்டடங்கள், நடைபாதையில் காய்ந்த இலைகள், ஞாயிறு காலையின் அமைதி. எல்லாம் இருந்த இந்த ஊரிலிருந்து ஒருவர் கிளம்பி எதற்காகப் பண்டத்தரிப்புக்குப் போனார் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அவர் கதை சுருக்கமானது. 1811-இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றார். அன்று அதற்கு நியூ ஜெர்சி கல்லூரி என்று பெயர். பிறகு நியூயார்க்கில் மருத்துவம் படித்து, அங்கேயே நல்ல தொழில் நடத்தினார். ஒரு நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் சிறு வெளியீடு ஒன்று கண்ணில் பட்டது. பம்பாயில் ஊழியம் செய்துகொண்டிருந்த கார்டன் ஹாலும் சாமுவேல் நியூவெலும் எழுதியது. நற்செய்தியைக் கேட்காத அறுபது கோடிப் பேரைப் பற்றியது அது. 1819 ஜூனில் மனைவி ஹாரியட்டோடு பாஸ்டனில் கப்பல் ஏறிவிட்டார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமனை தொடங்கினார். 1836-இல் மைரன் வின்ஸ்லோவோடு சென்னைக்கு வந்தார். 1862-இல் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்ட அதே வின்ஸ்லோதான்.

ஸ்கட்டரை அனுப்பியது ஒரு சிறு வெளியீடு. முதல் சீடர்களை அனுப்பியவர் நேரில் நின்று பேசினார். இயேசு பன்னிருவரை அனுப்பியதை மாற்கும் மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். கைத்தடி எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதில் மூவரும் ஒத்துப்போகவில்லை. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரே பேச்சு: பணம் கொண்டுபோகக் கூடாது, உணவு மூட்டை கூடாது, மாற்று அங்கி கூடாது. எந்த வீடு கதவைத் திறக்கிறதோ அங்கே தங்க வேண்டும். நோயாளிகளைக் குணமாக்க வேண்டும். பின்னால் எழுபது பேரை அனுப்பும்போது லூக்கா இன்னொன்றையும் சேர்க்கிறார்: வைத்ததைச் சாப்பிட வேண்டும்.

இந்தக் கடைசிக் கட்டளையைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. எனக்கோ எல்லாவற்றிலும் கடினமானதாக அதுதான் படுகிறது. பணம் இல்லாமல் போகிறவன் கொடுப்பவனாகப் போக முடியாது, விருந்தாளியாகத்தான் போக முடியும். இன்னொருவர் சமைத்ததை, இன்னொருவர் பாத்திரத்தில், அவர் திண்ணையில் உட்கார்ந்து உண்ண வேண்டும். தீட்டும் சுத்தமும் பார்த்து வளர்ந்த ஒரு யூத மீனவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வழிநடைச் சீடர்களை வரவேற்ற வீடுகளுக்கும் விதிகள் உருவாயின. முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ அதையொட்டியோ எழுதப்பட்ட தீதாக்கே என்னும் சிறு நூலைக் கான்ஸ்டான்டினோப்பிளில் ஒரு பழைய சுவடிக்குள் 1873-இல் கண்டெடுத்தார்கள். வந்த தூதன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் இருந்தால் அவன் போலி என்கிறது அது. கிளம்பும்போது அடுத்த ஊர் சேரும்வரைக்கான ரொட்டி கொடுக்கலாம்; பணம் கேட்டால் அவனும் போலி. இன்றைக்குத் தொலைக்காட்சி ஊழியம் நடத்துகிற எத்தனை பேர் இந்தத் தேர்வில் தேறுவார்கள்?

பிரீஹோல்டிலிருந்து நியூ பிரன்ஸ்விக். அங்குள்ள இறையியல் கல்லூரியின் சேஜ் நூலகம் 1875-இல் பழைய ரோமானியத் தேவாலய அமைப்பில் கட்டப்பட்டது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆவணக் காப்பகம் அதற்குள்தான் இருக்கிறது. ஸ்கட்டரின் மகன்கள் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு வேர் இந்தச் சபை. ஆற்காடு, ராணிப்பேட்டை, சித்தூர், வேலூர் என்று நம் பேருந்துகளில் நடத்துநர் கூவும் பெயர்கள் இங்குள்ள ரேரிட்டன் ஆற்றங்கரையின் பழைய அட்டவணைகளில் வரிசையாக நிற்கின்றன. ஜான் ஸ்கட்டரின் பேத்தி ஐடா, 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு இவரை அழைத்ததும், மருத்துவரான இவர் தந்தையை ஆண் என்பதால் ஏற்க மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் வேலூரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1899-இல் கார்னெல்லில் மருத்துவம் முடித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

இந்தக் குடும்பத்தை நான் மனதார மதிக்கிறேன். அவர்கள் தலைமுறை எழுதிய துண்டுப் பிரசுரங்களில் நம் வழிபாட்டைப் பற்றி இருந்த ஏளனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலரே, 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதி அதற்குப் பதில் சொன்னார். விருந்தாளியாகப் போகச் சொன்ன கட்டளை அந்தப் பிரசுரங்களை எழுதியவர்களுக்கு நினைவில் இல்லை. அதே யாழ்ப்பாணத்துக்கு 1847-இல் போன சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அவரை நான் நல்ல விருந்தாளி என்பேன்.

நியூ ஜெர்சியிலேயே, எடிசன் பக்கம் ஒரு தமிழ்ச் சபை. அமெரிக்கச் சபையொன்றின் கோயிலை ஞாயிறு பிற்பகலில் இரவல் வாங்கி ஆராதனை நடத்துகிறார்கள். மென்பொருள் வேலைக்கு வந்த குடும்பங்கள், பேரப்பிள்ளை பார்க்க வந்த தாய்மார்கள், முதுகலை படிக்கும் பையன்கள். ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஆளுக்கொரு பாத்திரமாகக் கொண்டுவந்தது: எலுமிச்சைச் சாதம், கோழிக் குழம்பு, யாரோ மெனக்கெட்டுச் செய்த அவியல். ஓரமாக நின்றுகொண்டிருந்த என்னைப் பாளையங்கோட்டை அக்கா ஒருவர் விடவில்லை. “தம்பி, கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க. புதுசா வந்தவங்களுக்குத்தான் முதல் பந்தி” என்றார்.

எனக்குப் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் நினைவுக்கு வந்தார்கள். கூடாரம் தைக்கும் தொழிலாளித் தம்பதி. பேரரசர் கிளவுதியு யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்தார்கள். பவுல் அவர்கள் வீட்டில் தங்கி அவர்களோடு வேலை செய்தார். பிறகு எபேசு, மறுபடி ரோம். போன ஊரிலெல்லாம் அவர்கள் வீடே சபை. அப்பொல்லோ என்ற பெரும் பேச்சாளரைத் தனியே அழைத்துத் திருத்தியபோது, நடபடிகள் நூலின் பழைய பிரதிகளில் பிரிஸ்கில்லாளின் பெயர்தான் முதலில் வருகிறது. முதல் நூற்றாண்டில் நற்செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் பாதிப்பேர் இப்படி வேலைக்காகவும் விரட்டப்பட்டும் இடம்பெயர்ந்தவர்கள்தான் என்று எண்ணுகிறேன். விசா நீட்டிப்புக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கும் அந்தக் கீழ்த்தளத்தில் அவர்கள் அந்நியராக இருந்திருக்க மாட்டார்கள்.

பிரின்ஸ்டனில் அதிகம் நிற்கவில்லை. அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் சேகரிப்பில், எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுப் பப்பைரஸ் துண்டு ஒன்று இருக்கிறது. யாக்கோபின் கடிதத்தில் ஒரு சிறு பகுதி. செயல் இல்லாத விசுவாசம் உயிரற்றது என்று அந்தச் சீடர் வாதாடும் இடம் அதில்தான் வருகிறது. ஸ்கட்டர் படித்த கல்லூரியிலேயே அந்தத் துண்டு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு நிறைவு.

அங்கிருந்து மேற்குக் கடற்கரை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய வரைபடமே ஒரு சீடர் பட்டியல்தான். 1774 நவம்பர் 30, அந்திரேயாவின் திருநாளன்று, ஸ்பானியப் பயணிகள் ஒரு பள்ளத்தாக்குக்கு சான் ஆண்ட்ரெஸ் என்று பெயரிட்டார்கள். அங்கே பின்னர் எழுந்த நீர்த்தேக்கத்தின் பெயரைத்தான் 1895-இல் ஆண்ட்ரூ லாசன் அந்த நிலப்பிளவுக்கு வைத்தார். 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அது. நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடந்தால் ஓக் மரங்களுக்கிடையே தண்ணீர் நீளமாக, நேர்கோடாகக் கிடக்கிறது. பூமி பக்கவாட்டில் நழுவிய கோடு அப்படி. நற்செய்திகளில் அந்திரேயா பெரிய பேச்சு எதுவும் பேசுவதில்லை. தம்பியோ அண்ணனோ, பேதுருவை அழைத்து வந்தார். ஐந்து அப்பம் வைத்திருந்த சிறுவனைக் காட்டினார். இயேசுவைப் பார்க்க வந்த கிரேக்கர்களின் வேண்டுகோளை அவரிடம் கொண்டு சென்றார். ஆட்களை அழைத்து வருவதே அவருக்கு வேலை.

பக்கத்திலேயே சான் மேட்டியோ, மத்தேயுவின் ஊர். சுங்கச் சாவடியில் உட்கார்ந்து வரி தண்டிய மத்தேயு, அழைப்பு வந்ததும் முதலில் செய்தது வீட்டில் ஒரு விருந்து. ஊரார் ஒதுக்கி வைத்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தார். இன்று அவர் பெயர் கொண்ட மாவட்டம் உலகத்தின் பணம் புரளும் இடங்களில் ஒன்று. சான்ட் ஹில் சாலையின் முதலீட்டு நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன.

பெயர் வைத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் டொலோரஸில் பார்க்கலாம். 1776-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் தொடங்கியது. தடித்த மண்கட்டிச் சுவர், உத்தரங்களில் அப்பகுதிப் பழங்குடியினரான ஓலோனி மக்களின் கூடைப் பின்னல் வடிவங்கள். கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்திலும் சுற்றிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மையும் மற்றக் கொள்ளைநோய்களும் கொண்டுபோனவர்கள். கைத்தடியும் இல்லாமல் போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் பெயரை, துப்பாக்கியோடு வந்தவர்கள் கொண்டுவந்து நட்டார்கள். அந்தத் தோட்டத்தில் நிற்கும்போது மனம் பாரமாகிவிட்டது.

விரிகுடாவின் வடக்கே ஒரு குறுகிய நீரிணை. இந்தக் கரையில் சான் பெத்ரோ முனை, எதிர்க்கரையில் சான் பாப்லோ முனை. பேதுருவும் பவுலும் எதிரெதிரே. அந்த நீர்வழியில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் சான் ஹோக்கீன் ஆற்றங்கரையில் ஆன்டியாக் என்றொரு நகரம் வருகிறது. பேதுருவும் பவுலும் முகத்துக்கு முகம் மோதிக்கொண்ட ஊரான அந்தியோகியாவின் பெயர்தான் அதற்கு.

அந்த மோதலைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் சொல்கிறார். சிரியாவின் அந்தியோகியாவில் யூதச் சீடர்களும் யூதரல்லாத சீடர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேதுருவும் உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பேதுரு மெல்ல எழுந்து ஒதுங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் ஒதுங்கினார்கள். பர்னபாவும் போனார். எல்லார் முன்னிலையிலும் பவுல் பேதுருவைக் கண்டித்தார். முதல் திருச்சபையின் மிகப் பெரிய சண்டை ஒரு சாப்பாட்டு வரிசையில் நடந்தது. என்னைக் கேட்டால், சீடர்களின் பணி எது என்பது முடிவானது அந்த வரிசையில்தான். உலகம் முழுவதும் போய்ப் பேசிவிட்டு, பேச்சைக் கேட்டு வந்தவனோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தால் போனதில் பயனில்லை.

கலிபோர்னியாவின் ஆன்டியாக்குக்கு அந்தப் பெயர் 1851 ஜூலை 4 அன்று கிடைத்தது. வில்லியம் ஸ்மித் என்ற போதகரின் வீட்டில் சுதந்திர தினக் கூட்டுணவுக்குக் கூடிய ஊரார், சீடர்கள் முதல்முதலில் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட நகரத்தின் பெயரே தங்கள் ஊருக்கு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1876-இல், அதே ஊர் வெள்ளையர்கள் சீனர்களை விரட்டிவிட்டு அவர்கள் குடியிருப்பைக் கொளுத்தினார்கள். அதற்கு முன்பே, பொழுது சாய்ந்தபின் சீனர்கள் தெருவில் நடக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. 2021-இல் அந்த நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. சீனக் குடியேறிகளிடம் அப்படி மன்னிப்புக் கேட்ட முதல் அமெரிக்க நகரம் அதுதான். ஆற்றங்கரை ஓரமாக, சீனக் குடியிருப்பு இருந்த பழைய நகரப் பகுதியில் நடந்தேன். காற்றாடிக் கோபுரங்கள் தொலைவில் சுழல்கின்றன, சரக்கு ரயில் ஒன்று நீளமாக ஊதிப் போகிறது. துருக்கியில் இருக்கும் மூல அந்தியோகியா, இன்றைய அந்தாக்யா, 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்துபோனது என்பதையும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பிவிட நமக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டுத் திருச்சபையின் கதை முழுவதும் அந்தியோகியாதான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலை இரண்டு பிரிவாகக் கட்டி, ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம் என்று சுவர் வைத்தார்கள். பீடத்தில் நிற்கும் குருவை இரு தரப்பும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-இல்தான் அந்தச் சுவர் இடிந்தது. இன்னொரு பக்கம், யாழ்ப்பாணத்து அமெரிக்கர்கள் 1834-இல் தொடங்கிய மதுரை மிஷன், 1847-இல் ஒரு சோதனை வைத்தது. சபை ஊழியர் எல்லாரும், எந்தச் சாதியானாலும், ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும். சமைத்தவர் யார் என்று பார்க்கக் கூடாது. உபதேசியார்கள் பலர் வேலையை விட்டாலும் விடுவோம், அந்தப் பந்தியில் உட்கார மாட்டோம் என்று போனார்கள். மிஷன் ஊழியர்களை இழந்தது, விதியைத் தளர்த்தவில்லை. நம் மண்ணில் பவுலின் குரல் ஒலித்த இடம் என்று நான் அதைச் சொல்வேன்.

டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில், கிறிஸ்துவின் சீடர்கள் என்றே பெயர் வைத்துக்கொண்ட சபையைத் தேடிப் போனேன். அங்குள்ள டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 1873-இல் தொடங்கிய கிளார்க் சகோதரர்கள் இந்த மரபினர். மரபின் முன்னோடிகளில் ஒருவரான அலெக்சாண்டர் கேம்பெல் இளமையில், 1809-இல், கிளாஸ்கோவில் இருந்தார். அந்நாளைய பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர்கள் விசாரித்துத் தகுதி பார்த்துத் தரும் உலோக வில்லை இருந்தால்தான் நற்கருணைக்கு அனுமதி. கேம்பெல் வில்லையை வாங்கினார், தட்டில் போட்டார், உண்ணாமல் வெளியே நடந்தார். இன்றும் இந்தச் சபையில் வாரந்தோறும் நற்கருணை உண்டு, யாருக்கும் தடையில்லை. சின்னம் ஒரு சிவப்புக் கிண்ணம், அதன்மேல் அந்திரேயாவின் சிலுவை. நான் போன ஆராதனையில் ஜெபம் சொன்னவர் குருவல்லர், சபையில் ஒரு மூதாட்டி. அப்பத் தட்டு என் வரிசைக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவர் என் ஊரையோ பெயரையோ கேட்கவில்லை, தட்டை நீட்டினார்.

அதே நகரின் கிம்பெல் கலைக்கூடம் 1972-இல் திறக்கப்பட்டது. அகமதாபாதின் மேலாண்மைக் கழகத்தைக் கட்டிய லூயி கானின் கைவண்ணம். வளைகூரையின் நடுப்பிளவு வழியே சூரிய ஒளி வெள்ளியாகச் சுவரில் இறங்குகிறது. அந்த ஒளியில் துச்சியோ 1310-ஐ ஒட்டி வரைந்த சிறு பலகை ஓவியம், லாசருவை உயிர்ப்பித்தல். பொன் பின்னணி, சீலை சுற்றிய லாசரு நின்ற நிலையில், நாற்றம் தாங்காமல் மூக்கை மூடும் ஒருவன், இயேசுவின் முதுகுப்பக்கம் நெருக்கியடித்து நிற்கும் சீடர்கள். அந்தக் கூட்டத்தில் நான் தோமாவைத் தேடினேன். கல்லெறிந்து கொல்லப் பார்த்த யூதேயாவுக்கு இயேசு மறுபடி கிளம்பியபோது, நாமும் அவரோடு போய்ச் சாவோம் என்று சொன்னவர் தோமாதான் என்கிறது யோவான் நற்செய்தி. சந்தேகத் தோமா என்று ஒரே ஒரு நாளை வைத்து அவரை அடையாளப்படுத்துவது அநியாயம்.

டல்லாஸைச் சுற்றிய கார்லண்டிலும் மெஸ்கீட்டிலும் அந்தத் தோமாவின் பெயரைச் சொல்லும் கேரளத்துச் சபைகள் நிறைய. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு செவிலியர்களாக முதலில் வந்தவர்கள் பெண்கள். கணவன்மாரும் குடும்பமும் பின்னால் வந்தார்கள். இரவுப் பணியில் அந்நியர்களின் உடலைத் துடைத்துச் சம்பாதித்த காசில் எழுந்தவை இந்தக் கோயில்கள். நோயாளிகளைக் குணமாக்கச் சொன்ன கட்டளையை அவர்கள் பேச்சின்றி நிறைவேற்றினார்கள்.

மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள் என்ற நூல், அவரை இந்தியாவுக்கு வர விருப்பமில்லாதவராகக் காட்டுகிறது. சீட்டு விழுந்தும் மறுத்தவரை, இயேசு ஒரு வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். தச்சரான தோமாவிடம் கொந்தபார் அரசன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான். காசுகளிலும் கல்வெட்டிலும் பெயர் கிடைத்த உண்மை அரசன் அவன். தோமா அந்தப் பணம் முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். கதை வரலாறா என்று அறிஞர்கள் வாதிடட்டும். சாந்தோமிலும் பரங்கிமலையிலும் முழந்தாளிடும் நாம், அந்தச் சீடரைப் பற்றி அவர் அடியார்கள் மறக்காமல் வைத்திருந்தது எது என்று பார்க்க வேண்டும்.

எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் டல்லாஸிலும் இருந்து ஊர்க் கோயிலுக்குப் பணம் அனுப்பும் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் கேட்கிறேன். கோபுரத்தை உயர்த்த, தேருக்கு வெள்ளி போட, மணிக்கூண்டு எழுப்ப உங்களிடம் நன்கொடை கேட்டு வருவார்கள். காசோலை எழுதுமுன் விசாரியுங்கள். ஊரில் கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் ஒன்றா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? அசனப் பண்டிகையில் சமைப்பவர்களில் எல்லாரும் உண்டா, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா? சரியான பதில் வரும்வரை பணத்தை நிறுத்தி வையுங்கள்.